கோட்டை வாசலில் கழற்றிய செருப்பு

எங்கள் பெரியப்பா வாயைத் திறந்தால் போதும், காம்பவுண்டில் இருந்த அத்தனை வீட்டுக் கதவும் திறந்துகொள்ளும். பாலக்கரையில் மாதா கோவிலுக்குப் பின்னால், ஒரே மதிலுக்குள் வரிசையாகக் கட்டிய ஓட்டு வீடுகள் அவை. எல்லாம் கிறிஸ்தவக் குடும்பங்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் லுங்கியும் பனியனுமாக மடக்கு நாற்காலியை வாசலில் போட்டு உட்காருவார். அம்மா அடுப்படியில் கறியைக் கிளறிக்கொண்டே, "இன்னைக்கு யாரு மாட்டப் போறாங்களோ" என்பாள். மாட்டியது தானில்லை என்று தெரிந்ததும் அவளும் கரண்டியோடு வந்து கூட்டத்தில் நிற்பாள்.

அவர் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. கல்லறையில் பளிங்கில் எழுதி வைத்திருக்கிறார்கள், அது போதும். அப்பாவுக்கு மூத்த அண்ணன். கப்பலில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். வெள்ளைக்காரர்கள் ஊர் ஊராக இறங்கிச் சுற்றிப் பார்க்கிற உல்லாசக் கப்பல் அது. வெண்ணெய், சோப்பு, சாராயம் எல்லாம் தன் சாவிக்கொத்துக்குள்தான் இருந்தன என்று சொல்வார். எழுபதுகளின் நடுவில் வேலையை விட்டுவிட்டுத் திருச்சிக்கே வந்து சேர்ந்தார். வந்த நாளிலிருந்து எங்கள் காம்பவுண்டுக்கு வேறு பொழுதுபோக்கு தேவைப்படவில்லை.

ஆள் லட்சணமாக இருப்பார். உயரம், சுருட்டை முடி, கோவிலில் பாடினால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற குரல். யார் வீட்டிலாவது சாவு என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பார். அதெல்லாம் உண்மை. ஆனால் அவருக்குச் சிரிப்பு வேண்டும். சும்மா வருகிற சிரிப்பு ருசிக்காது. நடுவில் ஒரு ஆள் நெளியவேண்டும், கூனிக் குறுகவேண்டும். அப்போதுதான் அவர் முகத்தில் ரத்தம் ஊறும்.

கோவிலில் ஆர்மோனியம் வாசித்தவருக்கு மாறுகண். "ஒரு கண்ணு லால்குடி, இன்னொண்ணு மணப்பாறை. எந்த பஸ்ஸுல ஏறுறதுன்னு அவருக்கே தெரியாது" என்றார் பெரியப்பா ஒருநாள். அதோடு அந்த மனிதருக்கு மணப்பாறை என்றே பெயர் நின்றுவிட்டது. அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு உடனே ஞாபகம் வராது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கொய்யாப்பழம் விற்றவருக்குத் திக்குவாய். "என்ன பழம்யா இது?" என்று கேட்டுவிட்டு, அவர் 'கொ, கொ' என்று முழி பிதுங்க நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். சொல்லி முடித்ததும், "காதுல விழலை, இன்னொரு தடவை சொல்லு" என்பார். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லாம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சிரிப்பார்கள். கடைசியில் கூடையில் பாதிப் பழத்தை வாங்கிக்கொள்வார். அந்த ஆளும் கும்பிட்டுவிட்டுப் போவார்.

என்னையும் விட்டுவைக்கவில்லை. எனக்குப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுத்த அன்றைக்கு வெள்ளைக் கவுனும் முக்காடுமாக, கையில் மெழுகுவர்த்தியோடு வீட்டு வாசலில் நின்றேன். நான் நல்ல கறுப்பு. பெரியப்பா என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "ஏம்ப்பா, கரியை யாருப்பா வெள்ளைப் பையில கட்டி வச்சது?" என்றார். காம்பவுண்டே சிரித்தது. எங்கள் அப்பாவும் சிரித்தார். பெரியப்பாவைக்கூட விட்டுவிடலாம், அப்பா சிரித்தது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

உள்ளே ஓடிப்போய் பவுடர் டப்பாவைக் கவிழ்த்து முகத்தில் அப்பிக்கொண்டேன். பின்னாலேயே வந்தது பெரியம்மா, அவருடைய மனைவி. ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்து வந்தாள். ஈரத் துண்டால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். "அழாதடி. அழுதா இன்னொரு தடவ சொல்லுவாரு" என்றாள். ஆறுதல் என்று வேறு எதுவும் சொல்லவில்லை. எனக்கும் அது போதுமானதாக இருந்தது, அழுகையை நிறுத்திவிட்டேன்.

ஏனென்றால், எங்களுக்கெல்லாம் எப்போதாவதுதான் முறை வரும். பெரியம்மாவுக்கு ஒவ்வொரு விருந்திலும் முறை உண்டு. பெரியப்பாவிடம் கையிருப்பில் ஆயிரம் கேலி இருந்தாலும், அவருடைய மாஸ்டர் பீஸ் கோட்டைக் கதைதான். அதன் கதாநாயகி பெரியம்மா.

வேலையை விடுவதற்கு முந்தின பயணத்தில், குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போகக் கப்பல் கம்பெனி அவருக்கு அனுமதி கொடுத்தது. பெரியம்மாவும் அவர்கள் ஒரே மகள் செலினும் பம்பாயில் கப்பல் ஏறினார்கள். செலின் அக்கா அப்போது பாவாடை கட்டுகிற வயது. ஐரோப்பாவில், பெயர் வாயில் நுழையாத ஒரு துறைமுகத்தில் கப்பல் ஒரு பகல் நின்றது. ஊருக்கு மேலே மலை, மலை உச்சியில் பழைய ராஜாக்களின் கோட்டை. பயணிகளை அழைத்துப்போன பஸ்களில் கடைசி பஸ்ஸின் கடைசி சீட்டில் இவர்களுக்கும் இடம் கிடைத்தது. பஸ் பாதி மலைவரைதான் போகும். மீதியைக் கருங்கல் பாதையில் ஏறவேண்டும்.

"நம்ம மலைக்கோட்டையெல்லாம் அதுக்குப் பக்கத்துல நிக்க முடியாது" என்று பெரியப்பா ஆரம்பிப்பார். நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். "வாசல்ல ரெண்டு பீரங்கி. நான் கோட்டு சூட்டு, பளபளன்னு ஷூ. எனக்கு முன்னாடி துரைங்க, பின்னாடி துரைச்சானிங்க. திரும்பிப் பாக்குறேன், நம்ம மகாராணியைக் காணோம். எங்கடான்னு பாத்தா, கோட்டை வாசல்ல குனிஞ்சு செருப்பைக் கழட்டிக்கிட்டு இருக்கா!"

இந்த இடத்தில் நிறுத்துவார். வீட்டுக்குள் பார்த்துக் கூப்பிடுவார். "ஏய், மகாராணி! இங்க வா. அப்ப நீ என்ன சொன்னே? சொல்லு."

பெரியம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவாள். வராமல் இருந்தால் வரும்வரை கூப்பிடுவார். வந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அந்த வரியைச் சொல்வாள்.

"மாதா இருக்கிற இடம்ங்க. செருப்போட எப்படிப் போறது?"

கூட்டம் வெடித்துச் சிரிக்கும். கோட்டைக்குள் மாதாவுக்குச் சின்னதாக ஒரு சிற்றாலயம் இருக்கிறது என்று பஸ்ஸில் வந்த வழிகாட்டி சொல்லியிருக்கிறான். செலின் அக்கா அதைத் தமிழில் சொல்லியிருக்கிறாள். பெரியம்மாவுக்கு அது போதாதா? எங்கள் கோவிலில் வெளிவாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுவோம். இங்கே மலைக்கோட்டை ஏறுகிறவர்களும் அடிவாரத்திலேயே செருப்பை விட்டுவிட்டுத்தான் ஏறுகிறார்கள். மாதா மேலே இருந்தால் மலை முழுவதும் மாதாவுடையதுதானே என்று நினைத்திருக்கிறாள். பயணத்துக்கென்று பெரிய கடை வீதியில் வாங்கிய புதுச் செருப்பை ஜோடியாகச் சுவர் ஓரம் வைத்துவிட்டு, முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, வெறுங்காலோடு கோட்டைக்குள் போயிருக்கிறாள்.

"திரும்பி வந்தா செருப்பு எங்க? நாய் தூக்கிட்டுப் போயிருச்சு!" இதுதான் அடுத்த கட்டம். முதல் வருஷம் அது சாதாரண நாய். அடுத்த கிறிஸ்துமஸில் அதற்குச் சடை வால் முளைத்தது. பிறகு கழுத்தில் தங்கச் சங்கிலி வந்தது. "ஐரோப்பா நாய்க்குப் பெரிய கடை வீதித் தோலு ருசியே தனி" என்பார். அதற்கப்புறம் பெரியம்மா மலையிலிருந்து வெறுங்காலோடு இறங்கி வந்ததை நடித்துக் காட்டுவார். சூடான கருங்கல்லில் ஒரு காலைத் தூக்கி, இன்னொரு காலை நொண்டி, "ஆ, ஊ, மாதாவே" என்று வாசல் முழுக்கக் குதிப்பார். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலிக்கும். பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பாள். அவளும் சிரிக்கிறாள் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டோம். பிறகு நொண்டி நொண்டி உள்ளே போவாள். அவர் நடித்த நடைக்கும் இவள் நடக்கிற நடைக்கும் வித்தியாசமே இருக்காது. அதற்கும் இன்னொரு சிரிப்பு எழும்.

அவளுக்கு வலது காலில் இரண்டு விரல் கிடையாது. சர்க்கரை வியாதி என்று எங்களிடம் சொல்லி வைத்திருந்தார்கள்.

காவிரி ஊருக்குள் வந்த வருஷம், காம்பவுண்ட் முழுவதும் பக்கத்துப் பள்ளிக்கூட மாடியில் போய் அடைந்து கிடந்தோம். கீழே பெஞ்சும் மேஜையும் மிதக்கின்றன. பிள்ளைகள் பசியில் கத்துகிறார்கள். மணப்பாறையின் ஆர்மோனியம் தண்ணீரோடு போய்விட்டது, அவர் பித்துப் பிடித்த மாதிரி உட்கார்ந்திருந்தார். பெரியப்பா எழுந்தார். நனைந்த லுங்கியோடு கோட்டைக் கதையை ஆரம்பித்தார். நான் அன்றைக்குப் பார்த்தேன், அவர் முன்னால் இருந்த அத்தனை முகமும் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. மணப்பாறைகூட நாய் வரும் இடத்தில் சிரித்துவிட்டார். ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த கன்னியாஸ்திரீகளும் சிரித்தார்கள். ஈரப் புடவையில் நடுங்கிக்கொண்டிருந்த பெரியம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்தினார். "சொல்லு, அப்ப நீ என்ன சொன்னே?" அவள் சொன்னாள். பல் கிட்டியதில் வார்த்தை உடைந்து உடைந்து வந்தது. அது இன்னும் வேடிக்கையாக இருந்தது.

"உங்க அண்ணன் இல்லேன்னா அன்னைக்கு நாம எல்லாம் அழுதே செத்திருப்போம்" என்று அம்மா அப்பாவிடம் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள். பெரியம்மாவைப் பற்றி யாரும் எதுவும் சொன்ன ஞாபகம் இல்லை.

அந்தக் கதைக்குச் சிரிக்காத ஒரே ஒரு ஆளை நான் பார்த்திருக்கிறேன். கப்பல் கம்பெனியின் மெட்ராஸ் ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயரான ஐயங்கார் ஒருவர் ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் இருந்தார். பெரியப்பாவின் பழைய சிநேகிதர். ஒருநாள் எங்களைக் காபிக்குக் கூப்பிட்டிருந்தார். ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்துப் பெரியப்பா, பெரியம்மா, செலின் அக்கா, நான், நாலு பேரும் போனோம். கூடத்தில் உட்கார வைத்தார்கள். அவர் மனைவி, மாமி, வெள்ளி டம்ளரில் காபி கொண்டுவந்தாள். டம்ளரைக் கீழே வைப்பதற்குள் பெரியப்பா கோட்டைக்குப் போய்விட்டார். ஐயங்கார் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். பெரியம்மா தன் வரியைச் சொன்னாள். நாய் வந்தது, தூக்கிக்கொண்டு போனது. பெரியப்பா அந்தக் கூடத்திலும் நொண்டிக் குதித்தார்.

மாமி தூணில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், பெரியம்மா பக்கம் திரும்பினாள். "அப்புறம் கால் என்ன ஆச்சு உங்களுக்கு?" என்றாள்.

பெரியப்பா குறுக்கே புகுந்தார். "அதெல்லாம் ஒண்ணும் ஆகலை மாமி. நம்ம ஊரு காலு."

"நான் அவாளைக் கேக்கறேன்" என்றாள் மாமி.

"கல்லு கிழிச்சிருச்சு மாமி" என்றாள் பெரியம்மா மெதுவாக. "கப்பல்ல டாக்டர் பயணிகளுக்கு மட்டும்தான்னு சொன்னாரு. பம்பாய் வந்து சேர்றதுக்குள்ள கறுத்துப் போச்சு. ரெண்டு விரலை எடுத்துட்டாங்க."

நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். செலின் அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று அவள் குனிந்த விதத்திலேயே புரிந்தது.

மாமி உள்ளே போய் ஒரு மணையை எடுத்துவந்து பெரியம்மாவின் காலடியில் போட்டாள். "அந்தக் காலை இதுமேல தூக்கி வெச்சுக்கோங்கோ" என்றாள். பிறகு பெரியப்பாவைப் பார்த்துக் கேட்டாள். "நீங்க ஷூ போட்டுண்டிருந்தேளே, அதை அவாளுக்குக் கழட்டிக் குடுத்திருக்கலாமே?"

"நான் வெறுங்காலோட நடந்தா கம்பெனி மானம் என்ன ஆகுறது மாமி?" என்று பெரியப்பா பலமாகச் சிரித்தார். அந்தக் கூடத்தில் அவர் சிரிப்பு மட்டும்தான் கேட்டது. ஐயங்கார் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெரியம்மா மணைமேல் காலை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே மாமியை நடித்துக் காட்டினார். "அவாளைக் கேக்கறேன், இவாளைக் கேக்கறேன்" என்று கண்டக்டருக்கும் நடித்துக் காட்டினார். அதற்குப் பிறகு ஸ்ரீரங்கம் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை. பெரியம்மா ஒருமுறை, "மாமியைப் பாத்துட்டு வரட்டுங்களா?" என்று கேட்டதற்கு, "நொண்டிக்கிட்டே காவிரிப் பாலத்தைத் தாண்டிருவியா நீ?" என்றார். அவள் அப்புறம் கேட்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் செலின் அக்காவுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார், தஞ்சாவூர்ப் பக்கம். நிச்சயத்துக்கு அவர்கள் வீட்டிலிருந்து ஒரு வேன் நிறைய ஆள் வந்தார்கள். அன்று காலையில் நான் பெரியம்மா வீட்டில் பூ கட்டிக்கொண்டிருந்தேன். பெரியப்பா கண்ணாடி முன்னால் மீசையைச் சரி செய்துகொண்டிருந்தார். பெரியம்மா அவர் பின்னால் போய் நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேங்க. இன்னைக்கு மட்டும் அந்தக் கோட்டைக் கதை வேணாங்க. புது சம்பந்தி முன்னாடி வேணாம். பிள்ளை அங்க போய் வாழணும்."

"சே, எனக்குத் தெரியாதா?" என்றார் அவர். "இன்னைக்கு வாயையே திறக்க மாட்டேன், போ."

பெரியம்மா அதை நம்பினாள் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மாம்பழ நிறத்தில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, அவ்வளவு சந்தோஷமாகச் சம்பந்தியம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிரியாணி சாப்பிட்டு முடித்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரம். பேச்சு கொஞ்சம் தளர்ந்தது. சம்பந்தி கொட்டாவி விட்டார். அந்தக் கொட்டாவியைப் பெரியப்பா பார்த்துவிட்டார்.

"சம்பந்தி, நாங்க ஒரு தடவ கப்பல்ல போயிருந்தோம்..."

பெரியம்மா தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். அவர் பார்க்கவில்லை. அன்றைக்கு மாதிரி அவர் என்றைக்குமே சொன்னதில்லை. நாய் செருப்பைக் கவ்விக்கொண்டு போய்க் கோட்டை ராணியிடமே கொடுத்தது, ராணி முகர்ந்து பார்த்து மயங்கி விழுந்தாள். வேனில் வந்த அத்தனை பேரும் உருண்டார்கள். "ஏய், மகாராணி! அப்ப நீ என்ன சொன்னே? சம்பந்திக்குச் சொல்லு." பெரியம்மா எழுந்து நின்று, பட்டுப்புடவையோடு, அந்த வரியைச் சொன்னாள்.

செலின் அக்கா புகுந்த வீட்டுக்குப் போன முதல் நாளே அவள் மாமியார், "கோட்டை மகாராணி மக வந்துட்டா, செருப்பு பத்திரம்டி" என்றாளாம். அது அங்கேயும் நின்றுவிட்டது. நாத்தனார், கொழுந்தன், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்வரை அதே பேச்சு. தலைப்பிரசவத்துக்குக்கூட அக்கா தாய் வீட்டுக்கு வரவில்லை. "அவரு இருக்கிற வீட்டுக்கு நான் வர மாட்டேம்மா" என்று வந்துபோன ஒருத்தரிடம் சொல்லி அனுப்பினாள். பெரியம்மா அதைக் கேட்டுக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரே மகள், பேரப் பிள்ளை முகத்தைக்கூடப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. பெரியப்பா, "கர்வம் பிடிச்ச கழுதை" என்று சொல்லிவிட்டுச் சீட்டாடப் போனார்.

அடுத்த வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுவதும் இழுத்துக்கொண்டது. வாய் கோணி, பேச்சு போய்விட்டது. தில்லை நகரில் ஒரு பெரிய டாக்டரிடம் காட்டினார்கள். அறிவெல்லாம் தெளிவாக இருக்கிறது, காது நன்றாகக் கேட்கிறது, பேச்சு மட்டும் திரும்ப வராது என்று சொல்லி அனுப்பிவிட்டார். பெரியம்மா அவரைப் பார்த்துக்கொண்டதில் ஒரு குறை சொல்ல முடியாது. குளிப்பாட்டி, முகம் மழித்து, கஞ்சியை வடிகட்டி ஊட்டினாள். ஒரு புண் வரவிடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது மடக்கு நாற்காலி வாசலில் இருந்தது. அதில் பெரியப்பாவை, தலையணை முட்டுக் கொடுத்து உட்கார வைத்திருந்தாள். காம்பவுண்ட் ஆட்கள் நலம் விசாரிக்க வந்து கூடினார்கள். எல்லோருக்கும் காபி கொடுத்தாள். கொடுத்து முடித்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நடுவில் வந்து நின்றாள்.

"நம்ம மலைக்கோட்டையெல்லாம் அதுக்குப் பக்கத்துல நிக்க முடியாது" என்றாள்.

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியே அவர் குரல்! அவர் ஏற்ற இறக்கம், அவர் கை வீச்சு, எங்கே நிறுத்துவாரோ அங்கே நிறுத்தல். இத்தனை வருஷம் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் ஒரு மூச்சைக்கூடத் தவறவிடவில்லை. பீரங்கி வந்தது, கோட்டு சூட்டு வந்தது, பளபளவென்று ஷூ வந்தது. பழக்க தோஷம், நாங்கள் சிரித்துவிட்டோம். தன் வரியை அவளே சொல்லிக்கொண்டாள். "திரும்பி வந்தா செருப்பு எங்க?" என்று கேட்டாள். எல்லோரும் நாய்க்காகக் காத்திருந்தோம்.

"நாயெல்லாம் கிடையாதுங்க" என்றாள். "நான் கும்பிட்டுட்டு வெளிய வரேன். கப்பல்ல வந்த துரைங்கல்லாம் என் செருப்பைச் சுத்தி நின்னு சிரிக்குறாங்க. ஒரு ஆபீசரு இவரைப் பாத்து இங்கிலீசுல என்னமோ கேட்டாரு. இவரும் சிரிச்சாரு. ரெண்டு விரலால என் செருப்பைத் தூக்கினாரு, செத்த எலியைத் தூக்குற மாதிரி. எல்லாருக்கும் காட்டினாரு. காட்டிட்டு..."

பெரியப்பாவின் நாற்காலிப் பக்கம் திரும்பினாள். குனிந்து அவர் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டாள்.

"அப்ப நீங்க என்ன செஞ்சீங்க? சொல்லுங்க."

அவர் கோணிய வாயைத் திறந்தார். "ப... ப..." என்றார். எச்சில் வழிந்தது. பெரியம்மா பொறுமையாகக் காத்துக்கொண்டு நின்றாள். "காதுல விழலைங்க. இன்னொரு தடவ சொல்லுங்க." மணப்பாறை தலையைக் குனிந்துகொண்டார்.

"கோட்டைச் சுவருக்கு மேல வீசி எறிஞ்சாரு" என்று அவளே முடித்தாள். "கீழே பள்ளம். துரைங்க கை தட்டினாங்க. செலின் என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு அதைப் பாத்துக்கிட்டு நின்னுச்சு. எம்மா, அப்பா ஏன்மா எறிஞ்சாருன்னு கேட்டுச்சு. நான் நாய் தூக்கிட்டுப் போயிருச்சுன்னு சொல்லுன்னு அதுக்குச் சொல்லிக் குடுத்தேன். அந்த நாய் என்னுதுங்க. அவரு மானம் போகக் கூடாதுன்னு நான் வளர்த்த நாய்."

அடுத்த ஞாயிறும் நாற்காலி வெளியே வந்தது. அதற்கடுத்த ஞாயிறும் வந்தது. ஆட்கள் குறைந்தார்கள். அவள் விடவில்லை. பால்காரருக்குச் சொன்னாள், ஊசி போட வந்த கம்பவுண்டருக்குச் சொன்னாள், தெரியாத்தனமாக விலாசம் கேட்டு வந்தவருக்குக்கூட உட்கார வைத்துச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் நிறுத்தி அவரைக் கேட்டாள், அவர் வாயைத் திறக்கும்வரை காத்திருந்தாள். ஒருநாள் அவர் கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது. பெரியம்மா துண்டை எடுத்து இதமாகத் துடைத்துவிட்டாள். "அழாதீங்க. அழுதா இன்னொரு தடவ சொல்லுவேன்" என்றாள். சொல்லவும் சொன்னாள்.

என்னால் பார்க்க முடியவில்லை. "போதும் பெரியம்மா, விட்டுருங்க. பாவம்" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன்டி, இத்தனை வருசம் நல்லாத்தானே சிரிச்சீங்க?" என்றாள். நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

இரண்டாவது மழைக்காலத்தில் பெரியப்பா செத்துப்போனார். செலின் அக்கா பிள்ளையோடு வந்தாள். அம்மாவும் மகளும் கட்டிக்கொண்டு அழுதார்கள், சவப்பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அப்பாதான் அண்ணனுக்குக் கோட்டும் சூட்டும் போட்டுவிட்டார். கப்பல் காலத்துக் கறுப்பு ஷூவைத் தேடி எடுத்து, பாலீஷ் போட்டு, காலில் மாட்டி, கயிறு கட்டினார். கூட்டம் பெருங்கூட்டம். எத்தனை பேரைச் சிரிக்க வைத்த மனுஷன் என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சாமியார் வந்து ஜெபம் சொல்லி, தீர்த்தம் தெளித்தார். பெட்டியை மூடப் போனார்கள்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் பெரியம்மா. நொண்டி நொண்டிப் பெட்டியின் கால்மாட்டுக்கு வந்தாள். குனிந்து ஷூக் கயிற்றை அவிழ்த்தாள். ஒன்றைக் கழற்றினாள், பிறகு மற்றதையும் கழற்றினாள்.

"என்ன அண்ணி இது?" என்று பதறினார் அப்பா.

"மாதா இருக்கிற இடத்துக்குப் போறாரு தம்பி. செருப்போட எப்படிப் போறது?"

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்கள். பெட்டி கொண்டுவந்த ஆளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் கையில் இருந்த ஷூவை வாங்கிக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"இதை என்னம்மா பண்றது?"

"வெளிய போடுங்க" என்றாள் பெரியம்மா. "நாய் தூக்கிட்டுப் போகட்டும்."